கயாக் வடிகால் அடைப்பான்: மாற்றுவழி சொல்லி உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். முட்டுக்காடு கழிமுகத்தில் கயாக்கில் (துடுப்புப் போட்டுச் செல்லும் சிறு படகில்) கொடுவா மீன் பிடிக்கச் செல்லும் எங்கள் குழுவில், இருட்டோடு கிளம்பும் அவசரத்தில் ஏதேனும் ஒரு பொருள் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. தூண்டில் முள்ளோ ஈயக்குண்டோ விடுபட்டால் கோவளத்தில் கேட்டு வாங்கிச் சமாளிக்கலாம். உயிர்காப்பு உடுப்பு இல்லையென்றால் நீரில் இறங்குவதே இல்லை. எங்களுக்குப் பெருங்கவலை பின்பக்க வடிகால் துளையின் அடைப்பான்தான். கட்டைவிரல் பருமனுள்ள அந்தத் திருகு இல்லாவிட்டால் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே ஏறி, பின்பகுதி தாழ்ந்து துடுப்புப் போடவே சிரமமான பிறகுதான் தெரியவருகிறது. அவசரத்துக்கு ரப்பர் தக்கையைச் செருகினால் அலையில் தாங்குமா, அடைப்பானைக் கயாக்கோடு நிரந்தரமாகப் பிணைத்துவைக்க எந்தக் கயிறு உப்புநீருக்கு ஏற்றது, மாதிரிக்கு மாதிரி திருகின் அளவு மாறுவதால் சென்னையில் பொருத்தமான உதிரி எங்கே கிடைக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.