புதுப்பிப்பு: கல்லடி சோடாக்கடைக்குக் காஸ் வந்திட்டுது

போன கிழமை எழுதியிருந்தேன்: மாமாட சோடாக் கடையில காபனீரொட்சைட்டு சிலிண்டர் தீர்ந்து, மறுசிலிண்டர் வரேல்ல, மூன்று நாளா மெஷின் ஓடேல்ல எண்டு. நேற்றுப் பின்னேரம் ஒரு சிலிண்டர் வந்தது. விசாரிச்ச எல்லாருக்கும் நன்றி.

"காத்தில இருக்கிற காஸ்தானே, ஏன் தட்டுப்பாடு?" எண்டு ஒரு தம்பி கேட்டிருந்தார். காற்றில அது 0.04 வீதமளவுதான், பிரிச்செடுக்கிற செலவு கட்டாது. உலகத்தில கனக்க இடங்கள்ல உரத்துக்கு அமோனியா செய்யேக்க பக்கவிளைபொருளா வாறதைத்தான் சுத்தம் பண்ணி விக்கிறாங்க. 2021 செப்டம்பரில இயற்கை வாயு விலை ஏறி, இங்கிலாந்தில பில்லிங்ஹாம், இன்ஸ் உரத் தொழிற்சாலைகள் ரெண்டும் நிண்டது. உடனே இந்தக் காஸ் தட்டுப்பாடாகி, குளிர்பானம் மட்டுமில்ல, இறைச்சிப் பொதியிடலும் ஆட்டம் கண்டது.

வெல்டிங் கடைச் சிலிண்டரைப் போடச் சொன்னவங்களுக்கு: வேண்டாம். உணவுக்கான தரம் வேற. பிள்ளைகள் குடிக்கிற சாமான், மாமா கடைசிவரை சம்மதிக்கேல்ல. அவர் செய்தது சரி.

இப்ப தண்ணியை நல்லாக் குளிரவச்சுத்தான் காஸ் ஏத்துறம். ஒரே அமுக்கத்தில, 30 பாகையில கரையிறதைப்போல இரண்டு மடங்குக்கு மேல 5 பாகையில கரையும். முந்தி வெதுவெதுப்பான தண்ணிக்கு எவ்வளவு வீணாக்கியிருக்கிறம்! சிலிண்டரில மீதி எவ்வளவு எண்டு அமுக்கமானியைப் பார்த்து மதிக்கிறதும் இல்ல. உள்ள காஸ் திரவமாத்தான் இருக்கு, அந்தத் திரவம் முடியுமட்டும் அமுக்கம் பெரிசா இறங்காது. தராசில நிறுத்துத்தான் பார்க்கிறம்.

அடுத்த சிலிண்டருக்கு இப்பவே சொல்லி வச்சாச்சு.