புதுப்பிப்பு: மகள் பிறந்தநாளுக்குக் கப்கேக் கிடைத்துவிட்டது

மகளின் பிறந்தநாளுக்கு 30 கப்கேக் கட்டுப்படியான விலையில் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சென்னை நங்கநல்லூரில் வீட்டிலேயே செய்து தரும் ஒரு அக்காவிடம் வாங்கினேன். முட்டை சேர்க்காதது, ஒன்று 35 ரூபாய்.

மேலே வைக்கும் ஃபாண்டன்ட் (பிசைந்த சர்க்கரை மாவு) பொம்மைகளுக்குத்தான் கூலி அதிகமாம். அவை வேண்டாம் என்றதும் விலை பாதியாகிவிட்டது! மே மாத வெயிலில் விப்பிங் கிரீம் நிற்காது, பட்டர்கிரீமும் உருகி வழியும் என்று சொல்லி, சாக்லேட்டைக் கூட்டிப் போட்டுக் கெட்டியான கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு) தடவித் தந்தார். மொட்டைமாடியில் சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. ஜெம்ஸ் மிட்டாயைக் குழந்தைகளே ஒட்டிக்கொண்டார்கள், அவர்களுக்கு அதுதான் பெரிய கொண்டாட்டம்.

அப்புறம், வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம். ஆர்டர் கொடுக்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.