புதுப்பிப்பு: வேதாளம் மறுபடியும் முருங்கை மரத்தில்

விக்கிரமாதித்தன்–வேதாளம் கதை சினிமாவிலும் பேச்சிலும் எங்கெல்லாம் தலைகாட்டுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

முதலில் திருத்தம். முருங்கை மரம் மூலக்கதையிலேயே உண்டு என்று அடித்துச் சொல்லியிருந்தேன். தப்பு. 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் அது சிம்சுபா மரம். ராஜா பெயரும் திரிவிக்கிரமசேனன். முருங்கை நம்மூர் ஏற்பாடு. "முருங்கைக் கிளை பட்டுன்னு முறியும்டா, ராஜா ஏறுன அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும்" என்கிறார் திருவாரூர் பெரியம்மா. கொல்லையில் மூன்று மரம் வைத்திருப்பவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

'விக்ரம் வேதா'வை (2017) ஒரே வரியில் கடந்துபோனதற்குத் திட்டு விழுந்தது. நியாயம்தான். பெயரோடு நிற்கவில்லை அந்த ஒற்றுமை. வேதா பிடிபடுகிறான், கதை சொல்கிறான், கடைசியில் ஒரு கேள்வி. விக்ரம் பதில் சொன்னதும் நழுவிவிடுகிறான். படம் பார்த்தபோது எனக்கு அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த ஓவியம்தான் கண்முன் வந்தது: கையில் வாள், தோளில் பிணம்.

1985 தூர்தர்ஷன் தொடரைச் சேர்க்கச் சொன்னவர்களுக்கு: எங்கள் தெருவில் அப்போது டிவியே கிடையாது, மன்னிக்கவும்.

புதிதாகச் சிக்கியது நேற்று, மன்னார்குடி பஸ்ஸில். உள்ளே போகச் சொன்னாலும் திரும்பத் திரும்பப் படிக்கட்டுக்கே வந்து தொங்கிய ஒரு பையனைப் பார்த்துக் கண்டக்டர், "ஏய் வேதாளம், உள்ள போ!" என்றார்.

"கதை சொன்னா டிக்கெட் ஃப்ரீயாண்ணே?"

கண்டக்டர் வாயே திறக்கவில்லை. கதை தெரிந்தவர்.