1/4 க்ரேட்டோஸ் சிலை: தோளில் இடைவெளி, கோடாலி சாய்வு. அசலா, நகலா?

கோடாலிக்காரன் (திருச்சி)
எல்லாருக்கும் வணக்கம். 2018ல் வந்த காட் ஆஃப் வார் வீடியோ கேமின் நாயகன், தாடி வைத்த க்ரேட்டோஸ்; 1/4 அளவு பாலிஸ்டோன் (கல்தூள் கலந்த ரெசின்) சிலை. இரண்டாம் கையாக வாங்கினேன். எட்டு மாசம் சேர்த்த காசு. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் திருப்பி எடுத்துக்கொள்வதாக விற்றவர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

வலது தோளில் கை சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. லெவியாத்தன் கோடாலியின் பிடி முன்பக்கமாக வளைந்திருக்கிறது. முதுகில் ஊசி குத்தியது போல மூணு துளை. தோல் வெள்ளையாக இல்லாமல் அங்கங்கே அழுக்கு படிந்த மாதிரி தெரிகிறது. படம் போட்டிருக்கிறேன். வைத்துக்கொள்ளலாமா?

பனிமலை
தம்பி, யோசிக்காம திருப்பிக் கொடுத்துடுங்க. உங்க படத்துல சிவப்பு டாட்டூ அவரோட வலது பக்கம் இருக்கு. ஆட்டத்துல அது இடது கண்ணு மேல ஏறி, இடது தோள், இடது கைன்னு போகும். வெட்டுத் தழும்புதான் வலது கண்ணுல. அசல் செய்யுறவங்க இந்தத் தப்பு பண்ண மாட்டாங்க.

அச்சுப்பலகை (பண்ருட்டி)
எங்க வீட்ல மூணு தலைமுறையா கொலு பொம்மை வேலை. நான் இப்போ ரெசின் சிலைகளுக்கு வண்ணம் தீட்டுறேன். நீங்க சொன்ன நாலும் ஒரே மாதிரியான குறை இல்லைங்க.

தோல் விஷயத்துல கவலையே வேண்டாம். க்ரேட்டோஸ் உடம்புல இருக்கிறது அவன் மனைவி, மகளோட சாம்பல். சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி ஒரே வெள்ளையா இருந்தாத்தான் நான் சந்தேகப்படுவேன். தண்ணியாக் கரைச்ச கருநிறத்தைப் பள்ளங்கள்ல ஓடவிட்டு, மேட்டை மட்டும் துடைச்செடுப்பாங்க. விலா எலும்பு ஓரம், கழுத்து நரம்பு, விரல் இடுக்கு இங்கெல்லாம் கருப்பு தங்கியிருந்தா அது வேலைப்பாடு. மேட்டுல திட்டுத்திட்டா இருந்தா அது அழுக்கு. ஈரப் பஞ்சால லேசா ஒத்திப் பாருங்க. ஆசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, வண்ணத்தைக் கரைச்சிடும்.

முதுகுத் துளை வார்க்கும்போது மாட்டிக்கிட்ட காத்துக்குமிழி. நல்ல சிலையிலயும் ஒண்ணு ரெண்டு வரும். முகத்துல இருந்தா நானே திருப்பிக் கொடுக்கச் சொல்லுவேன்.

முகத்தைத்தான் முதல்ல பார்க்கணும். பொம்மைக்குக் கண்ணைக் கடைசியாத்தான் திறப்போம், ஏன்னா அதுல தப்பினா மொத்த வேலையும் போச்சு. சிலையை உங்க கண் மட்டத்துக்குத் தூக்கி வச்சு, ஒரு கை தூரத்துல நின்னு பாருங்க. ரெண்டு கருவிழியும் ஒரே புள்ளியைப் பார்க்குதா? அப்புறம் பக்கவாட்டுல டார்ச் அடிங்க. காது பின்னாடி, அக்குள் ஓரம் அச்சு சேர்ந்த கோடு துருத்திக்கிட்டு இருந்தா மெருகு வேலையை அவசரமா முடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

ரெண்டாம்ஆட்டம் (சிங்கப்பூர்)
பனிமலை அண்ணே, ஒரு நிமிஷம். படத்துல கோடாலி இடது கையில இருக்கு. ஆனா தம்பி வலது தோள்னு எழுதியிருக்கார். செல்ஃபி கேமராவுல எடுத்தீங்களா? அது இடவலம் மாத்திக் காட்டும்.

நகலான்னு பார்க்க சிலது சொல்றேன். அசல் சிலையையே அச்செடுத்து மறுபடி வார்த்தா ரெசின் இறுகும்போது சுருங்கும். உயரத்தை அளந்து, தயாரிப்பாளர் சொன்ன அளவோட ஒப்பிடுங்க. நுணுக்கமும் மழுங்கிடும். முன்கையில சுத்தின துணியோட நெசவு, கோடாலியில இருக்கிற எழுத்து, தாடி முடி இதெல்லாம் கூர்மையா இருக்கணும். வயித்துத் தழும்பு விரலுக்குத் தட்டுப்படணும். 2007ல வந்த ரெண்டாம் பாகத்துல வாங்கின குத்து அது, வெறும் பெயின்ட் கோடா இருக்கக்கூடாது. எண் போட்ட பதிப்புன்னா அடிப்பீடத்துலயும் பெட்டியிலயும் ஒரே எண்ணான்னு பாருங்க. பாலிஸ்டோன்ல கல்தூள் கலந்திருக்கு, தொட்டா ஜில்லுன்னு இருக்கும், நகத்தால தட்டினா பீங்கான் சத்தம் வரும்.

கோடாலிக்காரன்
ஆமாம், செல்ஃபி கேமராதான்! பின் கேமராவில் எடுத்தேன், டாட்டூ இடது பக்கம்தான். உயரம் மில்லிமீட்டர் பிசகாமல் சரி. எண்ணும் பொருந்துகிறது. நெசவு இழை இழையாகத் தெரிகிறது. கண் இரண்டும் நேர்ப்பார்வை. உடம்பு ஜில்லென்று இருக்கிறது, கோடாலிப் பிடி மட்டும் பிளாஸ்டிக் மாதிரி லேசாக வளைகிறது. தோள் இடைவெளி அப்படியே இருக்கிறது.

பனிமலை
மன்னிச்சுக்கோங்க தம்பி, படத்தை மட்டும் பார்த்து அவசரப்பட்டுட்டேன்.

அச்சுப்பலகை (பண்ருட்டி)
பிடி பிவிசி பிளாஸ்டிக்கா இருக்கும். மெல்லிசான பாகத்தைப் பாலிஸ்டோன்ல வார்த்தா ஒடிஞ்சிடும்னு அப்படிச் செய்வாங்க. வெயில் காலத்துல அது தொய்யும். தனியாக் கழட்டி, ஹேர் டிரையர்ல தள்ளி வச்சு சூடு காட்டுங்க. இளகினதும் நேராக்கி, அப்படியே பிடிச்சுக்கிட்டுக் குளிர்ந்த தண்ணியில முக்குங்க. பாலிஸ்டோன் பாகத்துல இதைச் செய்யாதீங்க, அது வளையாது, உடையும்.

தோளுக்குத் தச்சர் வழி ஒண்ணு இருக்கு. கையோட முளையில சாக்பீஸ் தூள் தடவிக் குழியில நுழைச்சு எடுங்க. முட்டுற இடத்துல தூள் கலைஞ்சிருக்கும். பெரும்பாலும் பெயின்ட் கட்டி, இல்ல அச்சுப் பிசிறு. அங்க மட்டும் 400 நம்பர் உப்புத்தாளால ரெண்டு தேய் தேய்ச்சு மறுபடி போட்டுப் பாருங்க. தேய்க்கும்போது முகமூடி போடுங்க, ரெசின் தூளை மூச்சுல இழுக்கக்கூடாது. வலுக்கட்டாயமா அழுத்தாதீங்க. பசையும் போடாதீங்க, அப்புறம் கழட்டிப் பெட்டியில வைக்க முடியாது.

தேய்ச்சிட்டா திருப்பிக் கொடுக்க முடியாதுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. முடிவெடுத்துட்டுக் கை வைங்க.

கோடாலிக்காரன்
சனிக்கிழமை ராத்திரி முழுக்க யோசித்து, வைத்துக்கொள்கிறேன் என்று விற்றவரிடம் சொல்லிவிட்டேன். முளையின் கீழ்ப்பக்கம் மிளகு அளவு பெயின்ட் கட்டி. நாலு முறை தேய்த்துத் தேய்த்துப் போட்டேன், ஐந்தாவது முறை கையைத் தோளோடு சேர்க்கும் காந்தம் டக்கென்று பிடித்தது. இப்போது தோளில் தாள்கூட நுழையவில்லை. கோடாலியும் நேராகிவிட்டது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு கோபமா இருக்கானே, யாருப்பா இவன்?" என்று கேட்டார். முழுக் கதையும் சொன்னேன்.

மேற்கு ஜன்னல் பக்கம் அலமாரி இருக்கிறது. அங்கே வைக்கலாமா?

ரெண்டாம்ஆட்டம் (சிங்கப்பூர்)
வேண்டாம். சாயங்கால வெயில்ல வண்ணம் வெளுக்கும், பிடி மறுபடி தொய்யும். உள்சுவர் பக்கம் வைங்க. தெர்மாகோலையும் பெட்டியையும் தூக்கிப் போட்டுடாதீங்க, வீடு மாறும்போது அது இல்லாம இந்தச் சிலையைப் பத்திரமா நகர்த்த முடியாது.