மறு: வேப்பிங்குக்குத் தமிழ்ச்சொல் – ‘ஆவி’ வேண்டாம், ‘திவலை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். சிகரெட்டுக்குப் பதிலாக வேப் என்ற மின்கருவியை இழுப்பதுதான் வேப்பிங். நாம் எழுதும் கையேட்டில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் போடலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> லண்டனில் சிகரெட்டை விட நினைத்து வருகிறவர்களுக்கான கையேடு இது. ‘ஆவி பிடித்தல்’ என்றே போட்டுவிடலாமா? எல்லாருக்கும் சட்டென்று புரியும்.

அக்கா, சட்டென்று புரியும் என்பதில்தான் எனக்குப் பயம். சளி கட்டினால் நொச்சி இலையைக் கொதிக்க வைத்து, தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு செய்கிறோமே, அதற்குப் பெயர் ஆவி பிடித்தல். குழந்தைக்கும் அதைச் செய்கிறோம். அதே பெயரை நிக்கோட்டின் உள்ள பொருளுக்குக் கொடுத்தால், நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று யாராவது நினைத்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘வேது பிடித்தல்’ என்று இங்கே வந்த யோசனைக்கும் இதே மறுப்புத்தான். வேப், வேது என்று ஓசை ஒத்துப்போவது உண்மை. ஆனால் வேது சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளில் ஒன்று. அதன் பெயரை நாம் எடுக்க வேண்டாம்.

அறிவியல்படியும் ஆவி பொருந்தாது. பேட்டரி ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது. சுருளுக்குள் இருக்கும் பஞ்சுத்திரியில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், மணமூட்டி எல்லாம் கலந்த நீர்மம் ஊறியிருக்கும். அது ஆவியாகி, வாய்க்கு வருவதற்குள்ளேயே குளிர்ந்து மிகச் சிறிய துளிகளாகிவிடுகிறது. இழுப்பவர் உள்ளே வாங்குவது பெரும்பாலும் காற்றில் மிதக்கும் அந்தத் துளிகளைத்தான்.

> அப்படியானால் ‘மின்புகை’ போதுமே. பார்ப்பதற்குப் புகைதானே?

ஐயா, இதை நான் ஒப்பவே மாட்டேன். இந்த முறையை மருத்துவர்கள் பரிந்துரைப்பதற்கு அடிப்படையே அதில் புகை இல்லை என்பதுதான். சிகரெட்டை இழுக்கும்போது அதன் நுனி சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரிகிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் அந்த எரிதலில் பிறக்கின்றன. அடிமையாக்குவது நிக்கோட்டின், ஆளைக் கொல்வதில் பெரும்பங்கு புகைக்கு. இங்கிலாந்தில் புகை நிறுத்த உதவி மையத்துக்குப் போனால் ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்வார்கள். மூச்சில் கார்பன் மோனாக்சைடு 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு) கீழே இருந்தால் புகைக்காதவர் கணக்கு. சிகரெட்டை முழுவதும் விட்டு வேப்புக்கு மாறியவருக்கும் அந்த எண் இறங்கிவிடும். அப்படி ஊதிக் காட்டியவர் கையில் கொடுக்கிற கையேட்டில் ‘மின்புகை’ என்று எழுதினால், ‘அதுவும் புகைதானாம்’ என்று பழைய பாக்கெட்டுக்கே திரும்பிவிடுவார்.

ஆகவே என் பரிந்துரை திவலை. நீர்த்திவலை நமக்குப் பழகிய சொல். நுண்துளி என்ற பொருள் அதில் இருக்கிறது. புகையும் இல்லை, மருந்தும் இல்லை. கருவிக்குத் திவலைக்குழல், செயலுக்குத் திவலை இழுத்தல். கடையில் வேப் என்று கேட்கிறவர் அப்படியே கேட்கட்டும். கையேட்டிலும் முதலில் வருமிடத்தில் ‘வேப் எனப்படும் திவலைக்குழல்’ என்று போட்டுவிடலாம்.

‘தூவானம்’ என்று ஒருவர் எழுதியிருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்கிறோமே, இங்கே நடப்பதும் அதுதான். 2019இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இங்கிலாந்தில் 886 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஓராண்டு கழித்து, திவலைக்குழல் பெற்றவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9 சதவீதம் பேர். ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் அப்படி விட்டவர்களில் 80 சதவீதம் பேர் திவலைக்குழலை விடவில்லை. பட்டை, சூயிங்கம் பிரிவில் இது 9 சதவீதம்தான். இந்த இரண்டாவது செய்தியும் கையேட்டில் கட்டாயம் வர வேண்டும். என்றாலும் தூவானம் கலைச்சொல்லாக வேண்டாம். அழகு மிகுந்த சொல். சிகரெட்டே தொடாத பள்ளிப் பிள்ளையைக் கூப்பிடுகிற பெயராகிவிடும்.

வினைச்சொல்லிலும் கவனம் தேவை. தம் ‘அடிக்கிற’ பழக்கத்தில் வருகிறவர் இதையும் வெடுக்கென்று இழுத்து, இருமி, ‘நமக்கு ஒத்துவராது’ என்று வைத்துவிடுகிறார். மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். ‘இழுத்தல்’ அதைச் சொல்லிக்கொடுக்கிறது. ‘இழுப்பு’ என்று பெயர்ச்சொல்லாக மட்டும் எழுதாதீர்கள், ஆஸ்துமாக்காரர்கள் வேறு மாதிரி படிப்பார்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வரைவின் மூன்றாம் பக்கத்தில் ‘வேப் எண்ணெய்’ என்று இருக்கிறது. புணர்த்தால் வேப்பெண்ணெய்! அதைவிடப் பெரிய சிக்கல், அது எண்ணெயே அல்ல. எண்ணெய்த் தன்மை உள்ளது நுரையீரலுக்குள் போகவே கூடாது. 2019-20இல் அமெரிக்காவில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த நுரையீரல் பாதிப்பில், கஞ்சாச் சாறு நிரப்பிய குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப்பொருளைத்தான் முக்கியக் காரணமாகக் கண்டார்கள். ‘திவலை நீர்மம்’ என்று மாற்றிவிடுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே இதன் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாமே தடை. லண்டனில் அண்ணனுக்குக் கொடுத்தார்கள் என்று ஊரில் தம்பி தேடிப் போகக் கூடாது. அவருக்கு நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது.

கையேட்டுக்கு என் வரைவு வாக்கியம்: ‘நீங்கள் சிகரெட் பிடிப்பவர் என்றால், அதை முழுவதும் விட்டுவிட்டுத் திவலைக்குழலுக்கு மாறுவது தீங்கைப் பெரிதும் குறைக்கும். சிகரெட் பழக்கம் இல்லாதவர் இதைத் தொடவே வேண்டாம்.’

ஒரு சொல் மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. காலையில் சிகரெட், அலுவலகத்தில் திவலைக்குழல் என்று இரண்டையும் வைத்திருக்கிறார்களே, அந்த நிலைக்கு வரைவில் ‘இரட்டைப் பயன்பாடு’ என்று இருக்கிறது. ஏதோ ஒரு வசதி போலத் தொனிக்கிறது. ‘பாதி மாற்றம்’ என்றால் இன்னும் விட வேண்டிய மீதி இருப்பது தெரியும் என்று தோன்றுகிறது. மருத்துவர்கள் யாராவது சொல்லுங்கள், நோயாளியிடம் இதை எப்படிச் சொல்கிறீர்கள்?