மிச்சிகன் தமிழ்ப் பெற்றோரே, சிறப்புக் கல்வி வரிக்கு உங்கள் உதவி தேவை

வணக்கம். எங்கள் கவுண்டியில் சிறப்புக் கல்விக்கான சொத்து வரியைப் புதுப்பிக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. "இன்னொரு வரியா?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். புது வரி இல்லை, இப்போது கட்டிக்கொண்டிருப்பதுதான். இந்த வரியை 'மில்' என்ற அளவில் கணக்கிடுவார்கள். ஒரு மில் என்றால், வீட்டின் வரி மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். வரி மதிப்பு சந்தை விலையில் பாதியைத் தாண்டாது. 4 லட்சம் டாலர் வீட்டுக்கு ஒரு மில், வருடத்துக்கு 200 டாலருக்குள்தான்.

தீர்மானம் தோற்றாலும் சட்டப்படி பள்ளிகள் சிறப்புக் கல்விச் சேவைகளைத் தந்தே ஆக வேண்டும். அதற்கான பணம் பள்ளிகளின் பொது நிதியிலிருந்து போகும். எல்லாப் பிள்ளைகளின் வகுப்பும் பாதிக்கப்படும். மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளின் கல்விக்கான 1975 சட்டத்தில், ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாகச் சொன்ன மத்திய அரசு, இதுவரை அந்த அளவை எட்டியதே இல்லை.

என் மகனுக்குப் பேச்சு வராது. படப் பலகையில் தண்ணீர்ப் படத்தைத் தொட்டுக் கேட்கக் கற்றுக்கொடுத்தது பள்ளியின் பேச்சுப் பயிற்சியாளர்தான். மிச்சிகனில் இந்த உதவி 26 வயதுவரை உண்டு. நமக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் என்ன?

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். குடியுரிமை பெற்றவர்கள் தவறாமல் வாக்களியுங்கள். தேர்தல் நாளன்றுகூட உங்கள் சிட்டி அல்லது டவுன்ஷிப் கிளார்க் அலுவலகத்தில் வாக்காளராகப் பதிந்து வாக்களிக்கலாம். வாக்குச்சீட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள், தீர்மானங்கள் கடைசியில்தான் இருக்கும். கிரீன் கார்டில் இருப்பவர்கள் பெரியவர்களைக் காரில் அழைத்துப் போகலாம். வார இறுதியில் தமிழ்ப் பள்ளி வாசலில் என்னோடு நின்று விளக்க நாலைந்து பேர் வேண்டும். வர முடிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.