மேலமாசி வீதி குடும்பம்: தாத்தாவின் எண்பது

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். அப்பா சதாபிஷேகம் டிசம்பர் 12, திருக்கடையூர். மண்டபக்காரர் நாளைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். யார் யார், எத்தனை பேர், உடனே சொல்லவும்.

பாலாஜி அண்ணன்: நாங்கள் 4

கோவை அத்தை: 2. மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் 3.

ஷெஃபீல்ட் சித்தப்பா: அண்ணே, 12 மீனுவுக்குச் சிரமம். அன்றைக்குக் கச்சேரி ஒப்புக்கொண்டிருக்கிறாள். டிசம்பரில் மட்டும் ஆறு.

பெரியப்பா: தாத்தாவின் எண்பதை விடவா

பாலாஜி அண்ணன்: இன்னும் அந்த கிதாரை விடலையா அவள்?

ஷெஃபீல்ட் சித்தி: அவளும் விடவில்லை. இப்போது உங்கள் சித்தப்பாவும் பிடித்துக்கொண்டார்.

ஷெஃபீல்ட் சித்தப்பா: கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இங்கே இங்கிலாந்தில், ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் பார்ன்ஸ்லி, பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். கேட் ரஸ்பி என்கிற பாடகி அந்தப் பக்கத்துக்காரர். அப்பா அம்மா இருவரும் கிராமத்து ஆட்டத்துக்கு வாசிக்கிற குழு வைத்திருந்தார்கள். சின்ன வயதிலேயே அதில் பாடியவர். பழைய நாட்டுப்பாடல்களைப் பாடுவார், தானும் எழுதுவார். பெரிய இசைக் கம்பெனி எதற்கும் போகவில்லை. ப்யூர் ரெக்கார்ட்ஸ் என்று வீட்டுக் கம்பெனி. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் அதில்தான் வேலை பார்த்தார்கள். 1997இல் முதல் தனி ஆல்பம். 1999இல் வந்த அடுத்தது மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்கே போய்விட்டது. இங்கே அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கிற பரிசு அது.

பாலாஜி அண்ணன்: கிடைத்ததா?

ஷெஃபீல்ட் சித்தப்பா: இல்லை. அந்த வருடம் வாங்கியது தல்வின் சிங், தபேலாக்காரர்.

கோவை அத்தை: தபேலா என்றதும் ஞாபகம் வருகிறது. அப்பா வாங்கிக் கொடுத்த மிருதங்கம் யார் வீட்டில் இருக்கிறது?

பாலாஜி அண்ணன்: எங்கள் பரணில். வலது பக்கத் தோல் கிழிந்துவிட்டது

கோவை அத்தை: கிழிந்ததா, எலி கடித்ததா? போன தடவை வேறு கதை சொன்னாயே.

பெரியப்பா: மிருதங்கம் அப்புறம். மண்டபம்.

ஷெஃபீல்ட் சித்தப்பா: அதற்குத்தான் வருகிறேன் அண்ணே. டிசம்பர்தான் இவர்களுக்கு சீசன், சென்னைக்கு மார்கழி மாதிரி. இந்த ஊர்ப் பக்கத்துக் கிறிஸ்துமஸ் பாட்டுகள் தனி ரகம். ரொம்பக் கொண்டாட்டமாக இருக்கிறது என்று 200 வருடத்துக்கு முன்னால் தேவாலயத்தில் ஒதுக்கிவிட்டார்கள். ஜனங்கள் விடவில்லை, பப்புக்குக் கொண்டுபோய்ப் பாடினார்கள். டங்வொர்த் என்று ஒரு கிராமம், அங்கே பல வருடம் நவம்பர் பாதியிலிருந்து ஞாயிறு மதியம் பப்புக்குள்ளே நிற்க இடம் கிடைத்ததில்லை. ஒரே வரிகளை வேறு வேறு மெட்டில் பாடுவார்கள். கேட் ரஸ்பி இந்தப் பாட்டுகளை வைத்து 2008இல் ஒரு ஆல்பம் போட்டார். அப்புறம் அதுவே தொடர்ந்து, டிசம்பர் வந்தால் பித்தளை வாத்தியக்காரர்களோடு ஊர் ஊராகப் போகிறார். கூட்டத்துக்குப் பாட்டு ஏற்கெனவே மனப்பாடம், கூடவே பாடும். மீனு மாதிரி சின்ன ஆட்களுக்கும் அந்த ஒரு மாதத்தில் வருவதுதான் கோடை வரைக்கும் ஓட வேண்டும்.

கோவை அத்தை: பப் என்றால் சாராயக்கடை தானே?

ஷெஃபீல்ட் சித்தி: ஆமாம் அண்ணி. உங்கள் தம்பி அங்கே ஓரத்தில் மேஜை போட்டு சிடி விற்கிறார்.

மீனு: டீ ஃபிளாஸ்க்கோடு அத்தை 🙂

ஷெஃபீல்ட் சித்தி: போன சனிக்கிழமை 11 சிடி. வந்த பணம் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது, யாரும் தொடக்கூடாதாம். மீதி அட்டைப்பெட்டிகள் என் தையல் மிஷின் மேல். மருந்துக்கடை வேலையை அவள் விட்டபோது நாலு மாதம் மகளோடு பேசாதவர் இவர். இப்போது மைக் வயரை வேறு யாராவது சுருட்டினால் கோபம் வருகிறது.

ஷெஃபீல்ட் சித்தப்பா: முறுக்கிச் சுருட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிடும். அதைத்தான் சொன்னேன்.

பாலாஜி அண்ணன்: சித்தப்பா 😂

கோவை அத்தை: நீயாவது பேசாமல்தான் இருந்தாய். அண்ணன் ஆர்கெஸ்ட்ராவில் பாடப் போனபோது அப்பா செருப்பைக் கழற்றினாரே.

பெரியப்பா: அதை ஏன் இப்போது இழுக்கிறாய்

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாலாஜி அண்ணன்: பெரியப்பா பாடுவாரா???

கோவை அத்தை: டவுன்ஹால் ரோட்டில் கேட்டுப் பார்.

மீனு: பெரியப்பா, எனக்கும் வரணும்னு ஆசைதான். 12 மட்டும் வேறு ஆளை அனுப்பலாம். ஆனால் 11, 13 இருக்கிறது. நடுவில் இந்தியா வந்துவிட்டுப் போக முடியாது.

பெரியப்பா: அடுத்த நட்சத்திரம் மார்கழியில் விழுகிறது. அதற்கடுத்தது பிப்ரவரி 4, தை மாதம்.

பாலாஜி அண்ணன்: பிப்ரவரியா? பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு பிராக்டிகல்

ஷெஃபீல்ட் சித்தி: பிப்ரவரியில் டிக்கெட் விலையும் குறையும்.

தாத்தா: [படம்: இனிய காலை வணக்கம், ரோஜாப்பூ]

தாத்தா: எல்லாம் படித்தேன். பிப்ரவரி வரைக்கும் இருப்பேன். குழந்தை பாடியதை அனுப்பு. சத்தம் கூட்டி அனுப்பு.

மீனு: [ஆடியோ 3:42]

கோவை அத்தை: ஒரு வார்த்தை புரியவில்லை. குரல் அப்படியே அம்மா.

பெரியப்பா: மண்டபக்காரரிடம் 4 காலியா என்று கேட்கிறேன். இல்லையென்றால் 12தான். எதுவும் முடிவாகவில்லை, யாரும் டிக்கெட் போட வேண்டாம்.

பாலாஜி அண்ணன்: நான் ரயில் டிக்கெட் போட்டுவிட்டேனே

பெரியப்பா: மீனு, அந்த 11ஆம் தேதிக் கச்சேரி நம் நேரத்துக்கு எத்தனை மணி? போனில் காட்டுவார்களா?

மீனு: நடுராத்திரி 1 மணி ஆகும் பெரியப்பா. அப்பா போனைத் தூக்கிப் பிடிப்பார்.

பெரியப்பா: சும்மாதான் கேட்டேன்.

கோவை அத்தை: ஐயரிடம் யார் பேசுவது?